"பார்க்க என்ன இருக்கு, ஆச்சி?"

போன காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு என் பேத்தி சென்னையிலிருந்து சாயர்புரத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். முதல் நாள் கிணற்றடி, முருங்கை மரம், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி என்று பொழுது போயிற்று. இரண்டாம் நாள் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து விட்டாள்.

"என்ன பாப்பா, உடம்புக்கு என்ன செய்யுது?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல ஆச்சி. இந்த ஊர்ல பார்க்க என்னதான் இருக்கு? என் கூடப் படிக்கிற பொண்ணு லீவுக்குப் போலந்து போயிட்டு வந்தா. அங்கே குட்டி ஊர்ல கூட பழைய சர்ச், யூதர் தெரு, சந்தை மைதானம்னு எவ்வளவு போட்டோ காட்டினா தெரியுமா? நான் போய் என்னத்தைக் காட்டுறது? முருங்கை மரத்தையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. காரணம் உண்டு.

என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷமாகிறது. "அங்கே தனியா உனக்கு என்னம்மா இருக்கு? வீட்டை வித்துட்டு எங்ககூட வந்திரு" என்று மகள் வாராவாரம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வலி, ரத்த அழுத்த மாத்திரை, ராத்திரி ஒன்றென்றால் ஓடி வர ஆள் இல்லை... அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு தரகர் வந்து இடத்தை அளந்து, எத்தனை சென்ட் என்று குறித்துக்கொண்டும் போய்விட்டார். நானும் அரை மனதாகத் தலையாட்டி விட்டேன். இப்போது பேத்தியும் அதே கேள்வியைக் கேட்கிறாள்: 'அங்கே என்ன இருக்கு?'

"அப்படியா சொல்லுத? நாளைக்குக் காலம்பர அஞ்சு மணிக்கு எந்திரி. என்ன இருக்குன்னு காட்டுதேன்" என்றேன் வீறாப்பாக. சொன்ன பிறகுதான் யோசித்தேன். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் குடித்தனம் செய்தவள், சமையலறைக்கும் கடைத்தெருவுக்கும் அப்பால் நானே எவ்வளவு பார்த்திருக்கிறேன்? பள்ளி ஆசிரியராக இருந்த என் வீட்டுக்காரர் சாப்பாட்டு வேளையில் சொன்ன கதைகள்தான் எனக்கு மூலதனம்.

சகோதரிகளே, இரண்டு நாள் சுற்றினோம். அந்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

வீட்டு வாசலிலேயே ஒரு வெள்ளைக்காரர்

முதலில் எங்கள் ஊர்ப் பெயர். 'சாயர்' என்பது ஒரு மனிதரின் பெயர். சாமுவேல் சாயர் என்ற வணிகர், புதிதாகக் கிறிஸ்தவர்களான குடும்பங்கள் குடியேறுவதற்காக 1814-ல் வாங்கிக் கொடுத்த நிலம் இது. பனங்காட்டு நடுவே நாலைந்து குடிசைகளோடு ஆரம்பித்த ஊர், அவர் பெயரையே தாங்கிக்கொண்டது.

பிறகு 1842-ல் இங்கே ஓர் இளைஞர் வந்தார். வயது இருபத்திரண்டு. கனடாவை ஒட்டிய பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1839-ல் தமிழ்நாட்டில் கால் வைத்தவர். ஜி.யு. போப் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அவர் இந்தச் செம்மண்ணில் குருமாணவர்களுக்குப் பள்ளி நடத்தினார். தமிழோடு கிரேக்கம், லத்தீன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். பனை மரத்தடியில் கிரேக்கப் பாடம் நடந்ததை நினைத்துப் பாருங்கள்!

ஏழு வருஷம் போல இங்கே இருந்துவிட்டு ஊரை விட்டுப் போனவர், தமிழை விட்டுப் போகவில்லை. 1886-ல் திருக்குறளையும், 1893-ல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகத்தை வெளியிட்டது 1900-ல். அப்போது அவருக்கு வயது எண்பது! குறளோடும், சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரோடும், சிவனைப் பாடிய திருவாசகத்தோடும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தம் ஆயுளைக் கழித்திருக்கிறார். 1962-ல் இங்கே தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரி வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பேத்தி, "எண்பது வயசுல புத்தகம் போட்டாரா! நீ அறுபத்தி மூணுலயே கால் வலிங்கிற" என்று ஒரு போடு போட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

கடல் இல்லாத துறைமுகம்

அடுத்தது கொற்கை. வாடகைக் கார் பிடித்து, வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே போனோம். "கொற்கை பாண்டியர்களோட துறைமுகம்னு பாடத்துல வருதே! கடல் எங்கே?" என்று பேத்தி நாலாபுறமும் தேடினாள்.

கடல் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, அம்மா! தாமிரபரணி வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் கரை மேடாகி மேடாகிக் கடல் பின்வாங்கி விட்டது. ஆனாலும் வயலில் ஆழத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கிடைக்கும் என்கிறார்கள் ஊரார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க மாலுமிகள் இந்த ஊரை 'கொல்கோய்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியது. அப்போது கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் தெரிந்தது. பக்கத்தில் 'அக்கசாலை' என்று ஓர் இடம். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். அங்கே ஒரு பழைய சிவன் கோவில் இருக்கிறது. ஊருக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கிற ஒரு வன்னி மரத்தைக் காட்டி, "இதுக்கு ரெண்டாயிரம் வயசு" என்கிறார்கள்.

வெற்றிவேல் செழிய நங்கை அம்மன் கோவிலில் விளக்குப் போட வந்திருந்த ஒரு அம்மாள், "இது கண்ணகிதாம்மா. சாந்தமாகி இங்கே உக்காந்திருக்கா" என்றாள். மதுரை எரிந்த பிறகு, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறதல்லவா? அந்த நினைவு இன்னும் இங்கே விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறது.

பேத்திக்கு ஒரு கேள்வி போட்டேன்: "கண்ணகி சிலம்புக்குள்ளே மாணிக்கப் பரல். பாண்டிமாதேவி சிலம்புக்குள்ளே?"

"முத்து!"

"அந்த முத்து எங்கே இருந்து போயிருக்கும்?"

அவள் கண்கள் அகல விரிந்தன. வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தில் படித்தது காலடியில் கிடக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் வருகிற மாற்றம் இருக்கிறதே, அது தனி!

இந்த முத்துக்கள் ரோமாபுரி வரை போயின. தங்கமும் வெள்ளியும் இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் சீனாவுக்கும் வருஷா வருஷம் கொட்டிப் போகிறதே என்று பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் புலம்பி எழுதியிருக்கிறார். நம் ஆடம்பரமும் நம் பெண்களும் வைக்கிற செலவு இது என்கிறார். பார்த்தீர்களா? அன்றைக்கும் பழி பெண்கள் தலையில்தான்!

துறைமுகம் வீடு மாறிய கதை

கொற்கையை விட்டுக் கடல் விலகியதும் வியாபாரம் நின்று போகவில்லை. வீடு மாறுவது போலத் துறைமுகம் இடம் மாறியது. முதலில் காயல். இப்போது அதற்குப் பழையகாயல் என்று பெயர். தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களுக்குப் பக்கத்தில் அமைதியாக இருக்கும் சிற்றூர். 1290-களில் இத்தாலிக்காரரான மார்க்கோ போலோ வர்ணித்த 'காயல்' இதுதான் என்பார்கள். ஹார்மூஸ், ஏடன், அரேபியாவிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் இங்கே வந்து நின்றன என்கிறார் அவர்.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது வேறொரு சமாசாரம். இந்த ஊர்க்காரர்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள், அதற்குத் 'தெம்புல்' என்று பெயர் என்று ஆச்சரியப்படுகிறார். தாம்பூலம்! பக்கத்தில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் இன்றைக்கும் இருக்கின்றன. 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு கட்டு வெற்றிலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து கடற்பக்கம் போனால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். படகுகள், வலைகள், மீன் வாசனை, ராஜகன்னி மாதா கோவில். பார்த்தால் சாதாரண மீனவர் ஊர். ஆனால் தமிழ் அச்சின் கதையில் இதற்குப் பெரிய இடம் உண்டு.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர் அண்ட்ரிக் அடிகளார். போர்ச்சுகலில், யூத வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். "உன் சிநேகிதி போலந்துல யூதர் தெருவைப் பார்த்தா. நம்ம கரைக்கு வந்தவர் ஒருத்தரும் அந்த வழிதான்" என்று பேத்தியிடம் சொன்னேன். அவர் தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார், இந்தப் புன்னைக்காயலில் நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியும் வைத்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்ததுதான். பதினாறே பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானதாகச் சொல்கிறார்கள்.

கடலுக்குள் மூச்சை அடக்கி முத்தெடுத்த காசு, புத்தகமாகி இருக்கிறது! நாம் இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துப் படிக்கிறோமே, இதற்கெல்லாம் அதுதான் மூத்த அக்காள்.

முத்துக் குளிப்பதைப் பற்றி அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேத்திக்குச் சொன்னார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார்களாம். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அசைத்ததும் சட்டென்று இழுக்க வேண்டும். "கயித்தைப் பிடிக்கிறது யாரு தெரியுமா? மச்சினன்! கயிறு நழுவினா யார் தாலி போவும்? அவன் கூடப் பிறந்தவ தாலி! அதனால கண்ணசர மாட்டான்" என்றார். சுறா மீன் வராமல் மந்திரம் போட 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் வேறு உண்டாம். மார்க்கோ போலோவும் இந்த மந்திரக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்தக் கரையில் 1961-க்குப் பிறகு பழைய முறை முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிப் படுகைகள் வளம் குன்றிவிட்டன. பெரியவரின் கதையைக் கேட்கையில், இதைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

பெண்களுக்கென்று ஒரு பாதை

மத்தியானம் காயல்பட்டினம். அங்கே என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவரின் மனைவி எனக்குப் பழக்கம். "வாங்கக்கா, பேத்தியா? வாம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள்.

அரபு நாட்டு வணிகர்கள் பல நூற்றாண்டுகளாக வந்து தங்கி, பெண் எடுத்து, தமிழராகவே ஆகிவிட்ட ஊர் இது. திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிவாசல்கள். பெரிய குத்பா பள்ளியை வெளியிலிருந்து பார்த்தபோது, கல் தூண்களும் கட்டுமானமும் நம் பக்கத்துப் பழைய மண்டபங்களைத்தான் நினைவுபடுத்தின. கட்டிய கொத்தனார்கள் இந்த மண்ணின் ஆட்கள்தானே!

பேத்தியை மிகவும் கவர்ந்தது சந்துகள்தான். வீடுகளுக்கு நடுவே குறுகலாக, நிழலாக, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் முடுக்குகள். பெண்கள் போக வர என்று விட்டவை. தாய் வீடு, சித்தி வீடு, சிநேகிதி வீடு எல்லாம் அந்த வழியாகவே போய் வந்துவிடலாம். "ஆம்பளைங்க வர மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். "எங்க பாதைன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போயிடுவாங்க" என்று சிரித்தார்கள் அந்தத் தோழி.

இன்னொரு வழக்கம் கேட்டால் நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள். இங்கே கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார்! வீடும் பெண்ணுக்கே. "அப்போ பொண்ணைப் பெத்தவங்க வீடு கட்டியே ஓய்ஞ்சு போவாங்களே?" என்றேன். "அது இருக்கத்தான் செய்யுது. ஆனா எங்கப் பொண்ணு எங்க கண்ணு முன்னாடி இருக்குமே" என்றார்கள். கல்யாணமான அன்று சாயர்புரத்துக்குப் பஸ் ஏறுகையில் நான் அழுத அழுகை நினைவுக்கு வந்தது. ஒரு வழக்கத்தில் நல்லதும் உண்டு, சுமையும் உண்டு. இரண்டையும் அவர்கள் மறைக்காமல் சொன்னதுதான் அழகு.

அவர்கள் மாமியார் காலத்துப் புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். எழுத்து அரபு எழுத்து. வாசித்தால் தமிழ்! அரபுத் தமிழ் என்று பெயர். பள்ளிக்கூடம் போகாத அந்தக் காலத்துப் பெண்கள்கூட ஓதக் கற்றுக்கொண்ட எழுத்தைக் கொண்டே தமிழும் வாசித்தார்களாம். "இப்ப எங்க பிள்ளைகளுக்கு இது வாசிக்கத் தெரியாது" என்று சொல்லி, துணியில் சுற்றி உள்ளே வைத்தார்கள்.

ரவையும் முட்டையும் போட்ட தம்மடையும், தேங்காய்ப்பால் சேர்த்த வட்டலப்பமும் கொடுத்தார்கள். வட்டலப்பம் இலங்கையிலும் பிரசித்தம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இனிப்பு. சர்க்கரை வியாதிக்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்து விடுங்கள்!

முந்திரிக்குள் ஒரு கப்பல் பயணம்

மறுநாள் தூத்துக்குடி. காயல் துறைகளும் தூர்ந்து போக, வியாபாரம் கடைசியாக வந்து நிலைத்த இடம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1825-ல் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பனிமய மாதா கோவிலுக்குப் போனோம். மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போதைய கோவில் 1713-ல் திறக்கப்பட்டது. 1982-ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 5-ஆம் தேதி திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கடற்கரைச் சாலையில் 1750-ல் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயமும் நிற்கிறது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர்கள் மொழியில் எழுத்துச் சுருக்கம் 'வி.ஓ.சி.' 1906-ல் ஆங்கிலேயருக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த நம் சிதம்பரம் பிள்ளையின் பெயரும் ஆங்கிலத்தில் வி.ஓ.சி.! பேத்தி கை தட்டிச் சிரித்தாள்.

மக்ரூன் வாங்காமல் வர முடியுமா? முட்டை வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்து, சீனி சேர்த்து, முந்திரிப் பொடி கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நின்று வேக விடுகிறார்கள். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே பாதாம் போடுவார்கள். இங்கே முந்திரி. அந்த முந்திரியும் நம்முடையது என்று நினைக்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான்! ஐரோப்பியப் பெயர், பிரேசில் முந்திரி, தூத்துக்குடிக் கை. மூன்றும் சேர்ந்து வாயில் போட்டதும் கரைகிறது.

வீட்டுக்குள்ளேயே ஐந்து தேசம்

அன்று ராத்திரி பேத்தி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டாள். வீட்டுச் சாமான்களைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, துவாலை, இஸ்திரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொற்கள். கொல்லையில் நிற்கும் கொய்யாவும் பப்பாளியும் மரமும் பெயருமாக அவர்களோடு வந்தவை. கக்கூஸ் டச்சுச் சொல். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது! வசூல், வக்கீல் அரபு வழி வந்தவை. சாமான் பாரசீகம். "நாம யாருக்கும் ஒண்ணும் குடுக்கலையா?" என்றாள். கொடுத்தோமே! இஞ்சிவேர் என்ற நம் சொல்தான் கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆனது என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து எதையோ இழுத்தாள். தூசியோடு இறங்கியது என் மாமியாரின் லேஸ் தலையணை.

என் மாமியார் இடையன்குடிப் பக்கத்துப் பெண். கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். அந்த வேலை பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்து, என் மாமியார் கைக்கும் வந்திருந்தது. உருளைத் தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கடகடவென்று சத்தம் வரும். பூவும் இலையுமாக லேஸ் இறங்கும்.

"உனக்குப் பின்னத் தெரியுமா ஆச்சி?"

"தெரியாது பாப்பா."

"அவங்க சொல்லிக் குடுக்கலையா?"

சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். எத்தனையோ சாயங்காலம், "வாம்மா, அஞ்சு நிமிஷம் உக்காரு" என்று கூப்பிட்டார்கள். அடுப்பில் சோறு, அழும் பிள்ளை, மறுநாள் இட்லிக்கு அரைப்பு என்று நான் உட்காரவே இல்லை. பிறகு அவர்களுக்குக் கண் மங்கிப் போயிற்று. பிறகு அவர்களே இல்லை. தலையணையில் பாதி பின்னிய ஒரு பூ அப்படியே நின்றிருந்தது. குண்டூசிகள் துருப்பிடித்திருந்தன.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கொற்கை காயலுக்கும், காயல் தூத்துக்குடிக்கும் வீடு மாறியது. மாறியதில் தவறில்லை. கடல் போனால் மனிதர்களும் போகத்தான் வேண்டும். எனக்கும் வயதாகிறது. ஒருநாள் மகள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் போனவர்கள் சொல்லையும் சமையலையும் கைவேலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். நான் எதை எடுத்துக்கொண்டு போவேன்? துருப்பிடித்த குண்டூசியையா?

மறுநாள் மகளுக்குப் போன் செய்தேன். "வீட்டைப் பத்தி இப்ப பேச வேண்டாம்மா. வர மாட்டேன்னு சொல்லல. கொஞ்ச நாள் போகட்டும். அரையாண்டு லீவுக்குப் பிள்ளையை அனுப்பு. இடையன்குடி பாக்கி இருக்கு. லேஸ் பின்னத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, ரெண்டு பேருமா உக்காந்து கத்துக்கப் போறோம்" என்றேன்.

"இந்த வயசுலயா?" என்றாள் மகள்.

பேத்தி போனைப் பிடுங்கி, "போப் எண்பது வயசுல புத்தகம் போட்டார்மா!" என்றாள்.

தரகருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தெரிந்த பெரியவர்களிடமெல்லாம் கேட்டு எழுதி வருகிறேன். உங்கள் ஊரிலும் 'பார்க்க ஒன்றுமில்லை' என்று பிள்ளைகள் சொன்னால், ஒரு நாள் ஒதுக்கி அழைத்துப் போய்ப் பாருங்கள். பரணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

* கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் நான்கையும் வாடகைக் காரில் ஒரே நாளில் பார்த்து விடலாம். தூத்துக்குடிக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

* சித்திரை, வைகாசி வெயில் இந்தக் கரையில் கடுமை. விடியற்காலையில் கிளம்பி, உச்சி வெயிலில் நிழலில் இருங்கள். குடையும், காய்ச்சி ஆற்றிய தண்ணீரும், உப்புப் போட்ட மோரும் அவசியம். வழியில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

* முழங்கால் வலி உள்ளவர்கள் மணலில் அதிகம் நடக்க வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

* கோவில், தேவாலயம், பள்ளிவாசல் எதுவானாலும் அங்கிருப்பவர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், போட்டோ எடுங்கள். மரியாதையாகக் கேட்டால் கதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

* பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுக்க மறக்காதீர்கள்.